மஞ்சள் பொத்தானை யாரும் அழுத்தவில்லை

ஜெராக்ஸ் கடைக்காரன் ஊர்க்கதை பேசுகிறான் என்று என் மனைவி கங்கம்மா தெருவில் நாலு பேரிடம் குறைப்பட்டுக்கொள்வாள். நான் என்ன செய்ய? காகிதத்தைக் கண்ணாடியில் கவிழ்ப்பதற்கு முன்னால் அது நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்தால் எழுத்து கண்ணில் படும். கண்ணில் பட்ட எழுத்தைப் படிக்காமல் விட எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கவுன்சிலரின் மைத்துனன் விவாகரத்துக்குப் போட்டது, அவன் மாமனாருக்குத் தெரிவதற்கு நான்கு நாள் முன்பே எனக்குத் தெரியும்.

அதனால் ஹெலன் விஷயத்தையும் நானே சொல்வதுதான் முறை. அதில் வந்த காகிதம் அத்தனையும் என் கடையில்தான் நகல் எடுத்தார்கள்.

கடைக்கு நேர் எதிரே பேருந்து நிலையம். அதன் வலப்பக்கம் தகரக் கூரை போட்ட வண்டி நிறுத்துமிடம், நகராட்சியுடையது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்கள் விடியற்காலை ஐந்து இருபதுக்கு எங்கள் ஊரில் நின்று போகும். நின்று என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. டிரைவரின் கால் பிரேக்கில் இருக்கும், கை ஹாரனில் இருக்கும். சுற்றுப்பட்டுக் கிராமத்துப் பையன்கள் ஐந்து பதினைந்துக்கு மேல்தான் பைக்கில் சீறிக்கொண்டு வந்து, போட்ட ஸ்டாண்டு நின்றதா சாய்ந்ததா என்றுகூடப் பார்க்காமல் பஸ்ஸைத் துரத்துவார்கள். இந்த லட்சணத்தில் நிறுத்துமிடத்துக் கட்டண இயந்திரத்துக்கு முன் நின்று காசு போட்டுச் சீட்டு எடுக்க எவனுக்கு நேரம்?

இயந்திரங்கள் மூன்று இருந்தன. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு திட்டத்தில் வந்து இறங்கியவை. ஒன்று, வந்த மழைக்காலத்திலேயே செத்துப்போனது. அதன்மேல் ஒட்டியிருக்கும் காதுகுத்து போஸ்டர்களை உரித்துக்கொண்டே போனால் உள்ளே இயந்திரம் அகப்படும் என்று நம்புகிறேன். இரண்டாவது, ஆயுதபூஜைக்கு யாரோ பக்தி முற்றிக் காசு துவாரத்துக்குள்ளேயும் குங்குமத்தைக் குழைத்து வைத்ததில் போயிற்று. மூன்றாவது மட்டும் ஓடியது. ஓடியது என்றால், ஹெலன் கை பட்டால் ஓடியது. பச்சைப் பொத்தானை அழுத்திக்கொண்டே பக்கவாட்டில் முழங்கையால் ஓர் இடி இடிக்க வேண்டும். இடி அதிகமானால் இரண்டு சீட்டு வரும், குறைந்தால் ஒன்றும் வராது.

அந்த இயந்திரம் பத்து ரூபாய் நாணயத்தை மட்டும்தான் விழுங்கும். எங்கள் பக்கத்திலோ, செல்லும் செல்லும் என்று அரசாங்கம் தொண்டை கிழியச் சொன்னாலும் பத்து ரூபாய் நாணயத்தை ஒரு கடைக்காரனும் கையால் தொடமாட்டான். ஆகவே ஊரிலிருந்த அந்த நாணயமெல்லாம் ஹெலனின் துணிப்பையில் இருந்தது. பையிலிருந்து இயந்திரத்துக்குப் போகும். சனிக்கிழமை நகராட்சி ஆள் வந்து பெட்டியைத் திறப்பான். பேங்கில் முகம் சுளிப்பார்கள் என்று அதை ஹெலனிடமே கொடுத்து நோட்டாக வாங்கிப்போவான். ஏழு வருஷமாக அதே நாணயங்கள் அந்தப் பத்தடிக்குள்ளேயே சுற்றின. சிலவற்றை எனக்கு முகம் பார்த்தே தெரியும்.

ஹெலனுக்கு நாற்பத்தெட்டு வயது. அவள் புருஷன் பாக்கியநாதன் கம்பி உருட்டும் ஒரு கம்பெனியில் கிரேன் ஓட்டியவன். மேலேயிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது, ஒரு தோளும் தூக்க வராது. வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சர்ச் சந்தில். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஓடிப்போய் அவனைப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டு வர வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். அவளுக்கு வேண்டியது வெறும் வேலை இல்லை, நடுவில் எழுந்து வீட்டுக்கு ஓட விடுகிற வேலை. அது இந்த ஜில்லாவிலேயே ஒன்றுதான் இருந்தது. பழைய சுகாதார ஆய்வாளர் ஒருவர் மனசு இரங்கி, இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்காரவைத்தார். நகராட்சிப் பதிவேட்டில் ஹெலன் என்று ஒருத்தி கிடையாது. 'இயந்திரப் பராமரிப்பு, இதரச் செலவினம்' என்று இருக்கும். அந்த இதரச் செலவினம் விடியற்காலை ஐந்து மணிக்குத் தலை சீவிப் பொட்டில்லாத நெற்றியோடு வந்து உட்காரும்.

பையன்கள் வண்டியை விட்டுவிட்டு "அக்கா, நம்ம வண்டி" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். எந்த வண்டி யாருடையது, அவன் இந்த வாரம் எந்த ஷிப்டு, சம்பளம் எந்தத் தேதி, எல்லாம் அவளுக்கு மனப்பாடம்; சீட்டுக்காசைச் சம்பளத்தன்று மொத்தமாக வாங்கிக்கொள்வாள். பஸ் போன பிறகு நிதானமாக நூற்றுச் சொச்சம் வண்டிக்கும் இயந்திரத்தை இடித்துச் சீட்டு எடுத்து, ஒவ்வொன்றின் பிரேக் கம்பியிலும் சுருட்டிச் செருகுவாள். அந்த இயந்திரத்தை ஹெலனைத் தவிர யாரும் தொட்டே பார்த்ததில்லை என்பதுதான் உண்மை.

போன ஆவணி மாதம் நகராட்சி இளநிலைப் பொறியாளர் பூமிகா ஒரு காகிதத்தோடு கடைக்கு வந்தாள். திருநின்றவூரிலிருந்து தினமும் வந்து போகிற பெண். சின்ன வயசு, ஆனால் சிரிக்க மாட்டாள். ஆபீஸில் சிரித்தால் வேலை சொல்வார்கள் என்று யாரோ பயமுறுத்தியிருக்க வேண்டும்.

"அண்ணா, இதுல நாலு காப்பி. முதல் பக்கம் மட்டும் போதும், நோட்டீஸ் போர்டுக்கு."

"ரெண்டாம் பக்கம் வேணாமா மேடம்?"

"அது ஆபீஸ்ல இருக்கு. இத மட்டும் போடுங்க."

கண்ணாடியில் வைப்பதற்கு முன் நேராக இருக்கிறதா என்று பார்த்தேன். பழுதடைந்த கட்டண இயந்திரங்கள் மூன்றும் அகற்றப்படும். புதிய இயந்திரம் இரண்டு வாரம் சோதனை முறையில் ஓடும். சோதனைக் காலத்தில் திருமதி பா. ஹெலன் உதவியாளராகத் தொடர்வார். இயந்திரத்திலுள்ள உதவிப் பொத்தான் எத்தனை முறை அழுத்தப்படுகிறது என்பது தானாகவே பதிவாகும். அந்த எண்ணிக்கை உதவியாளர் பெயருடன் ஆணையரின் பார்வைக்கு வைக்கப்படும்.

ஐந்தாவதாக ஒரு நகலை எனக்கென்று எடுத்துக்கொண்டேன். அது வழக்கம்.

ஹெலனிடம் காட்டினேன். தன் பெயர் அச்சில் இருப்பதைத்தான் முதலில் பார்த்தாள்.

"திருமதின்னு போட்டுக்கீறாங்கண்ணா."

"அத உடு. கீழ இன்னா எழுதிக்கீதுன்னு பாரு. பொத்தான எத்தினி தபா அமுக்குறாங்கன்னு உன் பேருக்கு நேரா எழுதிக்கினு போயி கமிஷனர் கிட்ட காட்டப் போறாங்க."

"அதுக்கு இன்னாண்ணா?"

அதற்கு என்ன என்று எனக்குத் தெரியும். ஜெராக்ஸ் கடை போடுவதற்கு முன் பதினோரு வருஷம் நான் காருக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் லைனில் நின்றவன். அங்கே ஒவ்வொருவன் தலைக்கு மேலும் ஒரு மஞ்சள் கயிறு தொங்கும். சந்தேகம் வந்தால், பாகம் சரியில்லை என்றால், அதை இழுக்க வேண்டும். இழுத்தால் பாட்டுச் சத்தம் வரும், விளக்கு சுழலும், சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே ஓடிவருவார். 'உதவி கேட்பதில் தவறில்லை' என்று சுவரில் ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கும். சாயங்காலம் மீட்டிங்கில் எவன் எத்தனை முறை இழுத்தான் என்று பெயர் போட்டுப் படிப்பார்கள். அடுத்த மாதம் கான்ட்ராக்ட் புதுப்பிக்கும்போது அந்தப் பெயர்கள் இருக்காது. எங்கள் ஊரில் வேலைக்குப் போகிற எல்லாருக்கும் இது தெரியும். கயிறு இல்லாத கம்பெனியில் பொத்தான் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

"நீ இருக்கறப்பவே ஜனம் அந்தப் பொத்தான அமுக்குதுன்னா இன்னா அர்த்தம்? நீ வேலைக்கு ஆவலன்னு அர்த்தம். அத்தனயும் உனக்குக் கரும்புள்ளி. பொத்தான் பக்கம் ஒரு கையும் போவக் கூடாது."

ஹெலன் நோட்டீஸை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். "சரிண்ணா. நீங்க சொன்னதால தெரிஞ்சுது" என்றாள்.

அன்றைக்கே டீக்கடை, சலூன், ஆட்டோ ஸ்டாண்டு மூன்று இடத்திலும் சொன்னேன். பார்த்திபன் என்ற பையனிடம் தனியாகச் சொன்னேன். அவன் டயர் கம்பெனியில் ஆறு வருஷமாக கான்ட்ராக்டில் இருப்பவன், அவன் சொன்னால் பஸ்ஸில் மற்றவர்கள் கேட்பார்கள்.

"எங்க லைன்ல கூட இதே கததான் நைனா," என்றான் பார்த்திபன். "போன மாசம் ஒருத்தன் ரெண்டு வாட்டி அமுக்கினான். இப்ப அவன் செவ்வாப்பேட்டைல இட்லி விக்கறான். அக்கா பேர நாம கெடுக்கக் கூடாது. நான் பாத்துக்கறேன்."

புதிய இயந்திரம் வந்து நின்றது. ஆள் உயரம், நீல நிறம், நெற்றியில் கண்ணாடித் திரை, இடுப்பில் உள்ளங்கை அகல மஞ்சள் பொத்தான். அதில் காதில் மாட்டிப் பேசும் கருவியோடு ஒரு பெண் படம். பொருத்த வந்த கம்பெனி ஆள் டை கட்டியிருந்தான். வண்டி எண்ணைத் தட்ட வேண்டும், செல்போன் எண்ணைத் தட்ட வேண்டும், போனுக்கு நான்கு இலக்க எண் ஒன்று வரும், அதை மூன்று நிமிஷத்துக்குள் தட்டினால் சீட்டு. காசே வேண்டாம், அந்தப் போன் எண்ணோடு சேர்ந்த பேங்க் கணக்கில் அதுவே பிடித்துக்கொள்ளும் என்றான்.

"புரியலைன்னா மஞ்சள் பட்டன் இருக்கு. யாரா இருந்தாலும் தயங்காம அழுத்தச் சொல்லுங்க, நீங்க போய் உதவி பண்ணுங்க," என்று பூமிகா ஹெலனிடம் சொன்னாள். டை கட்டியவன் பக்கத்திலேயே நின்றான். அவனைப் பார்த்துவிட்டு அவள் கையிலிருந்த காகிதத்தை மடித்துக்கொண்டாள்.

ஹெலன் தலையை ஆட்டினாள். தலையை ஆட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள். நான் கண்ணாலேயே, கம்பெனிச் சுவரில் எழுதியிருப்பதைத்தான் இவளும் சொல்கிறாள், நம்பாதே என்று சொன்னேன்.

அடுத்த நாள் விடியற்காலை நடந்ததைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். பையன்கள் வழக்கம்போல வண்டியை எறிந்துவிட்டு ஓடினார்கள். ஹெலன் ஒரு நாற்பது பக்க நோட்டில் வண்டி எண்ணும் போன் எண்ணும் எழுதி வைத்திருந்தாள். இயந்திரத்தில் தட்டினாள். நான்கு இலக்க எண் போய்ச் சேர்ந்ததோ, ஓடுகிற பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு. பஸ்ஸுக்குள் பார்த்திபன் போனைக் காதில் வைத்து ஏலம் விடுகிறவன் மாதிரி நின்றான்.

"அக்கா, கலியனுக்கு வந்துச்சு. நாலு நாலு ஒண்ணு ஏழு. எழுதிக்கினியா? டேய், அடுத்தவன் யாரு, தூங்கறியா, எழுப்புடா அவன."

"இன்னொரு தபா சொல்லு பார்த்திபா, லாரி சத்தத்துல கேக்கல."

"நாலு நாலு ஒண்ணு ஏழு. சீக்கிரம்க்கா, பாலம் தாண்டினா டவர் கெடைக்காது."

மூன்று நிமிஷம் தாண்டினால் மறுபடி முதலிலிருந்து. முதல் நாள், பையன்கள் வேலையில் இறங்கிய பிறகும் கழிவறைக்குள் போய் எண் சொல்லிச் சொல்லி, காலை ஒன்பது மணி வரை ஆயிற்று. ஹெலன் இயந்திரத்தை விட்டு நகரவில்லை. பாக்கியநாதனைப் புரட்ட என் மனைவியை அனுப்பினேன். போய்விட்டு வந்தவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அம்மாடி, அந்தாளு இன்னா கனம். இவ தெனம் நாலு தபா பண்றா. நீ இங்க குந்திக்கினு கமெண்ட்ரி குடுக்கற."

நான்காம் நாள் ஹெலனுக்குக் கை பழகிவிட்டது. திரையைப் பார்க்காமலே தட்டினாள். எட்டாம் நாள் ஆறரை மணிக்கெல்லாம் நூற்று முப்பத்தெட்டு வண்டிக்கும் சீட்டுச் செருகி முடித்துவிட்டாள். பொத்தானை ஒருவரும் தொடவில்லை. நாங்கள் காவல் இருந்தோம் என்றே சொல்லலாம். ஒருநாள் பெண் பார்க்க வந்த வெளியூர்ப் பெரியவர் ஒருவர் திரையை இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டுப் பொத்தானிடம் விரலைக் கொண்டுபோனார். ஷிப்டு முடிந்து வந்த பார்த்திபன் பாய்ந்து அவர் கையைப் பிடித்துவிட்டான்.

"இன்னாப்பா இது, உதவின்னு போட்டுக்கீதே," என்றார் அவர்.

"போட்டுருக்கும் பெரியவரே. எல்லா எடத்துலயும் போட்டுருக்கும். அக்கா, இவருக்கு இன்னான்னு பாரு."

பத்தாம் நாள் பூமிகா வந்தாள். இயந்திரத்தின் முதுகுப் பக்கம் திறந்து எதையோ பார்த்தாள். ஹெலன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாள்.

"யாருமே பட்டனை அழுத்தலையா?"

"ஒருத்தர் கூட இல்ல மேடம்," என்றாள் ஹெலன். ஏழு வருஷத்தில் அவள் குரலில் அத்தனை பெருமையை நான் கேட்டதில்லை.

பூமிகாவின் முகம் என்னமோ போல் ஆயிற்று. டீக்கடையில் நகராட்சி ஆட்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்தாள்.

"அழுத்தினா தப்பே இல்லைங்க. சொல்லப்போனா அழுத்தறது நல்லது," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் பார்த்திபன் சிரித்தான். "எங்க எச்ஆர் கூட இதே மாதிரிதான் சொல்லுவாரு, இதே மாதிரி மெதுவா." டீக்கடையில் எல்லோரும் சிரித்தோம். ஹெலனும் சிரித்தாள். எவ்வளவு விவரமானவர்கள் நாங்கள்.

இரண்டு வாரம் முடிந்த மறுநாள் பூமிகா மூன்று பக்கத்தோடு வந்தாள். இந்த முறை எல்லாப் பக்கமும் நகல் வேண்டும் என்றாள். பில் போடும் மேஜையில் கைகளை வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி நின்றாள். முதல் பக்கம் எனக்குத் தெரிந்ததுதான். இரண்டாம் பக்கத்தை நேராக இருக்கிறதா என்று பார்த்தேன்.

உதவிப் பொத்தான் நாளொன்றுக்குச் சராசரி இருபது முறைக்கு மேல் அழுத்தப்பட்டால், பொதுமக்களுக்கு உதவி தேவைப்படுவது உறுதியாகும். அவ்வாறாயின், தற்போதைய உதவியாளரை மாதத் தொகுப்பூதியத்தில் நிரந்தரமாக நியமிக்கப் பரிந்துரைக்கப்படுகிறது. கீழே பூமிகாவின் கையெழுத்து, சோதனை தொடங்குவதற்கு முந்திய தேதியில்.

மூன்றாம் பக்கம் அறிக்கை. மொத்தச் சீட்டு ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம். உதவி கோரியவர்கள்: இல்லை. பொதுமக்கள் இயந்திரத்தை எவர் துணையுமின்றி இயக்குகிறார்கள். உதவியாளர் தேவையில்லை.

மெஷினுக்குள் விளக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய் வந்தது. நான் இன்னொரு தரம் அழுத்தினேன், தேவையில்லாமல்.

"மேடம், அந்தச் சீட்டு அத்தனயும் ஹெலன் போட்டது."

"தெரியும்."

"நாங்கதான் பொத்தான அமுக்கக் கூடாதுன்னு..."

"எதுக்கு?" அவள் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தாள். "யாரு சொன்னது அப்படி? நான் அந்தம்மாவை வச்சுக்கணும்னுதான் அந்த பட்டனையே கேட்டு வாங்கினேன். அந்தக் கம்பெனி மாடல்ல அது கிடையாது. வெளிய சொன்னா, மெஷின் வித்த கான்ட்ராக்டர் டெஸ்ட்டே ஏமாத்துன்னு கேஸ் போடுவான்னு வாயை மூடிக்கிட்டிருந்தேன். ஒரு நாளைக்கு இருபதுண்ணா. இருபது பேருக்குக் கூட உதவி வேணும்னு தோணலையா இந்த ஊர்ல?"

நான் நகல்களைத் தட்டி நேராக்கிப் பின் அடித்தேன். கங்கம்மா உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த சத்தம் நின்றுபோயிருந்தது.

மனு எழுதினோம். நான்தான் எழுதினேன், காசு வாங்கவில்லை. நூற்றுப் பத்துக் கையெழுத்து. ஹெலன், பார்த்திபன், நான் மூவரும் ஆணையரைப் பார்க்கப் போனோம். நல்ல மனுஷர், உட்காரச் சொன்னார். மனுவை முழுக்கப் படித்தார்.

"இவங்கதான் எல்லாருக்கும் போட்டுத் தந்தாங்கன்னு சொல்றீங்க. அப்போ உதவி தேவைப்பட்டிருக்கு. தேவைப்பட்டிருந்தா ஏன் ஒருத்தர் கூட அழுத்தல?"

பார்த்திபன் கம்பெனிக் கயிற்றைப் பற்றி விளக்கப் பார்த்தான். விளக்க விளக்க அவனுக்கே அது கிறுக்குத்தனமாகக் கேட்டிருக்க வேண்டும், பாதியில் நிறுத்திவிட்டான்.

"இன்னொரு ரெண்டு வாரம் டெஸ்ட் வைங்க சார்," என்றேன். "தெனம் நூறு தபா அமுக்கறோம்."

ஆணையர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. "நீங்க சொல்லிட்டு அழுத்தறதை நான் எப்படிங்க ரிப்போர்ட்ல எழுதறது? அறிக்கை திருவள்ளூருக்கே போயாச்சு. இதரச் செலவினமும் இந்த மாசத்தோட கிடையாது, பழைய இயந்திரம் இல்லையே." பிறகு ஹெலனைப் பார்த்து, "நீங்க ரொம்ப நல்லா வேலை செஞ்சிருக்கீங்கம்மா" என்றார்.

"தேங்க்ஸ் சார்," என்றாள் ஹெலன்.

வெளியே வந்ததும் அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் சௌகரியமாக இருந்திருக்கும். "மணி பத்தரை ஆயிடுச்சிண்ணா, அவர திருப்பணும்" என்று சொல்லிவிட்டு நடையை எட்டிப் போட்டாள்.

ஹெலன் இல்லாத முதல் திங்கட்கிழமை இயந்திரத்தின் முன் வரிசையில் நின்று ஐந்து இருபது பஸ்ஸைப் பதினேழு பேர் தவறவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை ஒருவனும் சீட்டு எடுக்கவில்லை. பத்து மணிக்கு நகராட்சி ஆள் வந்து நாற்பது வண்டியின் சக்கரத்துக்குப் பூட்டுப் போட்டான். ஊரே கொதித்தது. இந்தக் கொதிப்பில் ஹெலனைத் திரும்பக் கூப்பிட்டுவிடுவார்கள் என்று சலூனில் நான் அடித்துச் சொன்னேன். வியாழக்கிழமை எவனோ ஒருவன், வீட்டிலிருந்தே செல்போனில் சீட்டுப் போடலாம் என்று கண்டுபிடித்தான். அடுத்த வாரம் எல்லாரும் ராத்திரி படுக்கும்போதே போட்டுவிட்டுப் படுத்தார்கள். பார்த்திபன்தான் எல்லாருக்கும் கற்றுக்கொடுத்தான். அவனைக் குறை சொல்லவும் முடியாது, அவன் வண்டிக்கும் பூட்டு விழுந்திருந்தது. இப்போது அந்த நீல இயந்திரத்தின் முன்னால் ஆளே நிற்பதில்லை. அதன் நிழலில் ஒரு நாய் படுக்கிறது.

ஹெலன் நாலு இடத்தில் கேட்டுப் பார்த்தாள். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்க வேண்டும், நடுவில் போகக் கூடாது என்றார்கள். ஸ்கூலில் ஆயா வேலைக்கு வயசு தாண்டிவிட்டது. கடைசியில் ஒரு லேபர் கான்ட்ராக்டர் மூலமாக சிப்காட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் தட்டுக் கழுவ எடுத்துக்கொண்டார்கள். காலை ஆறிலிருந்து மாலை நாலரை. போய் வரும் நேரத்தோடு பன்னிரண்டு மணி நேரம்.

அதே ஐந்து இருபது பஸ். முதல் நாள் அவள் ஏறியபோது நான்கு பையன்கள் எழுந்து இடம் கொடுத்ததாக பார்த்திபன் வந்து சொன்னான். மூன்றாம் நாள் ஒருவன் எழுந்தானாம். இப்போது எல்லோரும் காதில் மாட்டிக்கொண்டு தூங்குகிறார்கள். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நானே படியில் நின்று பல் தேய்த்துக்கொண்டு பார்க்கிறேன்.

வீட்டுச் சாவியை கங்கம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறாள். முதலில் ஒன்பது, பன்னிரண்டு, மூன்று என்று கங்கம்மா போய் வந்தாள். பத்து நாளில் அவளுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. இப்போது நான் போகிறேன். கடையை விட்டுவிட்டு மூன்று முறை போக முடிவதில்லை. பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை போகிறேன். போன வாரம் அவன் முதுகில் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிவந்திருந்தது. நேற்றுத் தோல் உரிந்திருந்தது. ஹெலனிடம் சொல்லவில்லை. சாயங்காலம் துணி மாற்றும்போது அவளே பார்த்திருப்பாள். என்னிடம் அவளும் எதுவும் கேட்கவில்லை.

இன்றைக்குப் புரட்டிப் படுக்கவைத்து, சாதத்தைப் பிசைந்து கைக்கெட்டும் தூரத்தில் வைத்தேன். பாக்கியநாதன் சுவரைப் பார்த்தபடி கேட்டான்.

"தணிகா, அந்தப் பொத்தான அமுக்கக் கூடாதுன்னு மொதல்ல கெளப்பி உட்டது யாரு?"

"தெரிலப்பா. டீக்கடைல பேசிக்கினாங்க."

"ம்," என்றான். தட்டை இழுத்துக்கொண்டான். ஒரு வாய் சாப்பிட்டான். "அவ நோட்டீச மடிச்சி எடுத்துக்கினு வந்தாளே, அன்னிக்கே என்கிட்ட சொன்னா, நீதான் விவரம் சொன்னேன்னு. தணிகாண்ணன் மட்டும் இல்லன்னா மாட்டிக்கினு இருப்பேன்னு சொன்னா."

அவன் இன்னொரு வாய் சாப்பிட்டான்.

"தண்ணி சொம்பு இன்னும் கொஞ்சம் கிட்ட வெச்சிட்டுப் போ. கதவ வெளிய பூட்டிக்கோ. நாய் வருது."

சொம்பை நகர்த்தி வைத்தேன். கதவைச் சாத்தி வெளியே பூட்டினேன். கடையில் யாரோ நகல் எடுக்கக் காத்திருந்தார்கள்.